பொதுக் கிணறும் பொதுப் பட்டியலும்

தந்தையார் விட்டுச் சென்ற தகரப் பெட்டியிலே பட்டா ஒன்றைத் தேடப் புகுந்தவன், பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். 1969-ஆம் ஆண்டுப் பத்திரம். தாள் பழுத்துவிட்டது, மடிப்புகள் கிழிந்துவிட்டன, எழுத்து மட்டும் அழியவில்லை. பெரியப்பாவுக்கு உரியவை 'ஏ' ஷெடியூல். என் தந்தைக்கு உரியவை 'பி' ஷெடியூல். இருவருக்கும் பொதுவானவை 'சி' ஷெடியூல். முதலிரண்டில் நிலங்கள், மூன்றாவதில் வண்டிப்பாதை, களம், கிணறு. மேற்படி கிணற்றில் இருவரும் முறை வைத்து நீர் இறைத்துக்கொள்ள வேண்டியது என்று பத்திர எழுத்தர் அழகாக எழுதியிருக்கிறார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடிமையியல் கற்பித்தவன். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைக் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதியே கை தேய்ந்தவன். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். 1950-இல் முறையே 97, 66, 47 இனங்கள். பொதுப் பட்டியலில் உள்ளவற்றுக்கு இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம் என்பது இரண்டு மதிப்பெண் விடை. எத்தனை ஆயிரம் தாள்களில் அதற்குச் சிவப்பு மையால் சரி போட்டிருப்பேன்!

2017-ஆம் ஆண்டுக் கோடையிலே, மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். மருத்துவம் படிக்க விழைந்தவள். நுழைவுத் தேர்வினின்று விலக்குக் கோரும் சட்டமுன்வடிவுகளை அவ்வாண்டு பிப்ரவரியிலே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியிருந்தது. "ஐயா, கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது, மாநிலமும் சட்டம் இயற்றலாம் என்றீர்கள். இயற்றிவிட்டார்களே, பிறகு ஏன் நடக்கவில்லை?" என்றாள். ஏதேதோ சொல்லி அனுப்பினேன். விடை தெரியாதென்று சொல்லும் நேர்மைகூட அன்று எனக்கு இல்லை.

அந்த விடை, என் வீட்டுக் கிணற்றிலேயே கிடந்தது.

1972-ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. கிணறு பொது, ஆனால் மின்சாரச் சர்வீஸ் பெரியப்பா பெயரிலே இருந்தது. மோட்டார் கொட்டகை நின்ற இடமோ 'ஏ' ஷெடியூல் நிலம். மூன்று நாள் அவருக்கு, மூன்று நாள் எங்களுக்கு என்று முறை ஒழுங்காகத்தான் நடந்து வந்தது. வரப்போரத்து வேப்பங்கிளையை வெட்டியது யார் என்றொரு சச்சரவு மூண்டது. மறுநாள் கொட்டகைக் கதவிலே ஒரு பூட்டுத் தொங்கியது. எங்கள் கடலைப் பயிர் பூவும் விழுதுமாய் நின்ற நேரம். தந்தை கேட்டார், கெஞ்சினார், பிறகு கொதித்தார்.

"அண்ணே, கிணறு பொதுவென்று பத்திரம் சொல்கிறதே!"

"பொதுவில்லை என்று நான் சொன்னேனா? தாராளமாக இறைத்துக்கொள். சாவியை மட்டும் என்னைக் கேட்டு வாங்கிக்கொள்."

பத்திரத்தில் ஓர் எழுத்தையும் அவர் மீறவில்லை, காணீர்! கேட்கச் சென்றால் உறங்கினார். எழுந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு பெண் வீட்டுக்குப் பயணமாகி, சாவியோடு போய்விட்டார். ஊர்ப் பெரியவர்கள், அண்ணன் தம்பி இருவரும் கோயிலிலே சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தால் வழக்குத் தீரும் என்றார்கள். தந்தை சுயமரியாதைக்காரர். "சூடம் அணைந்துவிடும், பூட்டு அப்படியே இருக்கும். பத்திரத்தைத் திருத்துங்கள்" என்றார்.

தோழர்களே, அரசியல் சட்டத்தின் 254-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுப் பட்டியலில் உள்ள ஓர் இனத்தைப் பற்றி ஒன்றியம் ஒரு சட்டமும் மாநிலம் ஒரு சட்டமும் செய்து, இரண்டும் மோதினால், ஒன்றியச் சட்டமே நிற்கும்; மாநிலச் சட்டம் மோதும் அளவுக்குச் செல்லாது. விதிவிலக்கு உண்டு: மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால், அந்த மாநிலத்திலே அதுவே நிற்கும். குடியரசுத் தலைவரோ ஒன்றிய அமைச்சரவையின் அறிவுரைப்படி இயங்குபவர். எந்தச் சட்டத்தோடு மோதுகிறோமோ, அந்தச் சட்டத்தை இயற்றியவரிடமே விலக்குக்கும் கையேந்த வேண்டும்! இறைத்துக்கொள்; சாவியை என்னிடம் கேள். இதற்குப் பெயர் பொது.

அந்தச் சாவி கிடைத்ததே இல்லையா எனில், கிடைத்ததுண்டு. தொழிற்கல்விக்கு மாநிலம் நடத்திவந்த பொது நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது, 2007-இல் ஒப்புதல் வந்தது, தேர்வு ஒழிந்தது. அதே கதவு 2017-இல் திறக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஒப்புதல் மறுக்கப்பட்டது. அச்செய்தி மக்களுக்குத் துலக்கமானது 2019 ஜூலையில், உயர்நீதிமன்றத்திலே! 2021 செப்டம்பரில் மீண்டும் ஒரு முன்வடிவு. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 8-ஆம் நாள் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. மறுக்கப்பட்டதென்ற விடை 2025 ஏப்ரலில் அவைக்கு அறிவிக்கப்பட்டது. கோரிக்கை சரியா தவறா என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். 2007-இல் நியாயம் ஒன்றாகவும் 2017-இல் வேறாகவும் இருந்ததா? கொடுப்பவரின் மனநிலை மாறியது. உரிமையை மனநிலையிலே நிறுத்தி வைத்தால், அது சலுகை.

இனி, கல்வி 'சி' ஷெடியூலுக்கு வந்த கதையைக் கேளுங்கள். 1950-இல் அது மாநிலப் பட்டியலின் 11-ஆவது இனம். முழுதும் நம்முடையதாக அன்றும் இல்லை. உயர்கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 66-ஆவது இனத்திலே இருந்தது. அதை மறைத்து வாதாடுவது நமக்கு அழகன்று. ஆயினும் வீடு நமதாக இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 42-ஆவது திருத்தம் வந்தது. கல்வி, காடு, வனவிலங்கு, எடையும் அளவும், கீழ்நிலை நீதிமன்ற அமைப்பு ஆகிய ஐந்தும் மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்குப் பெயர்க்கப்பட்டன. 1977 சனவரி 3-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. ஏழாவது அட்டவணையைத் திருத்துவதாயின் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்பிசைவு தர வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் என்ன சொல்லிற்று? ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல அது இருக்கவில்லை! 1976 சனவரி 31-ஆம் நாள் கழக ஆட்சி கலைக்கப்பட்டு, 1977 சூன் வரை இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி. பங்காளி ஊரில் இல்லாத நாளிலே பாகப் பத்திரம் திருத்தப்பட்டது.

அப்போது எனக்கு வயது பதினைந்து. எந்தக் கடையும் அடைக்கப்படவில்லை, எந்த ஊர்வலமும் எங்கள் தெருவழி போகவில்லை. பள்ளி மணி வழக்கம்போல் அடித்தது. நாங்கள் அமர்ந்திருந்த வகுப்பறை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போனதை எங்கள் ஆசிரியரும் அறிந்திருப்பாரா என்பது ஐயமே.

மோட்டாருக்கு மின்சாரம் போல, பள்ளிக்குப் பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024–25-இல் வரவேண்டிய, இரண்டாயிரம் கோடி உரூபாவுக்கு மேற்பட்ட நிதி நிறுத்தப்பட்டதென்று தமிழ்நாட்டரசு 2025-இல் உச்சநீதிமன்றம் சென்றது. வேறொரு திட்டத்திலே கையொப்பமிட்டால் இது கிடைக்கும் என்பதாம். பெரியப்பாவுக்கு இந்த யுக்தி தோன்றவில்லை, நல்லவேளை.

நாட்டின் ஒற்றுமைக்கு ஒரு வலிமையான கை வேண்டாவா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வேண்டும். படையும் நாணயமும் அயலுறவும் டில்லியிடம் இருப்பதை மறுப்பார் யார்? இராசமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தபோதும், 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநிலச் சுயாட்சித் தீர்மானம் இயற்றியபோதும், எல்லாவற்றையும் எமக்குத் தா என்று கேட்கவில்லையே. கும்மிடிப்பூண்டிப் பள்ளிப் பிள்ளை எதைப் படிப்பது, எப்படித் தேறுவது என்பதை டில்லி முடிவு செய்யாவிட்டால் இமயம் சரிந்துவிடுமா?

கல்வி மாநிலப் பட்டியலுக்கே திரும்ப வேண்டும் என்பது என் எண்ணம். அது கைகூடும் மட்டும், விடை சொல்லக் கெடுவாவது வேண்டும். 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்ற அமர்வொன்று ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்பு கட்டியது. நவம்பரில் ஐவர் அமர்வு, அப்படி நீதிமன்றம் வரம்பு கட்ட இயலாது என்று கருத்துரைத்தது. ஆகவே ஏட்டைத்தான் திருத்தியாக வேண்டும்.

என் தந்தை அதைத்தான் செய்தார். இரண்டு ஆண்டு நடந்தார். 1974-இல் சார்பதிவாளர் அலுவலகத்திலே ஒரு திருத்தப் பத்திரம் பதிவாயிற்று: கொட்டகைக்கு இரண்டு சாவி, ஒன்று தம்பியிடம். அண்ணன் தம்பி இருவரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பெரியப்பாவின் கையெழுத்து சற்றே நடுங்கியிருக்கிறது.

அண்மையிலே அந்த மாணவி என்னைக் காண வந்தாள். அறிவியல் பட்டம் பெற்று, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறாள். இரு பத்திரங்களையும் அவள் முன் விரித்து, எட்டு ஆண்டு தாமதமாக விடை சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இரண்டாம் சாவி எப்போது கிடைத்தது, ஐயா?"

"இரண்டு ஆண்டு கழித்து."

"அந்த வருடத்துக் கடலை?"

"அது காய்ந்து போயிற்று, அம்மா" என்றேன்.