கிணற்றின் வாயில் ஒரு நகரம்

ஆறு ஓடாத நாட்டிற் பிறந்தவர்க்கு, ஆறு ஓடாத இன்னொரு நாட்டைக் காணுமிடத்து இனந்தெரியாத ஓர் உறவு தோன்றுகின்றது. மெக்சிக்கோ தேசத்தின் தென்கிழக்கிலே கடலுக்குள் நீண்டு கிடக்கும் யூக்கற்றான் குடாநாட்டின் வடபாகத்தில் வந்திறங்கிய முதல் நாளே நாம் அதனை உணர்ந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் சமநிலம். மலையென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மேலே மெல்லிய மண். கீழே வெண்மையான சுண்ணாம்புக்கல். பெய்யும் மழையெல்லாம் கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடிக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்நாட்டில் நாம் காண விரும்பியவற்றுள் தலையாயது சிச்சென் இட்சா என்னும் பழைய மாயர் நகரம். அது மெரிடா நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. மெரிடாவும் ஒரு மாயர் நகரின் மேலெழுந்ததே. 1542 ஆம் ஆண்டில் அதனைத் தாபித்த ஸ்பானியர், அங்கிருந்த கோயில்களின் கற்களைக் கொண்டே தம்முடைய தேவாலயத்தை எழுப்பினர். நாம் தங்கியிருந்த விடுதியிலே பணம் செலுத்தி, வழிகாட்டியோடு சென்று மாலையில் மீளும் ஒருநாட் பயணத்திலே எம் இல்லத்தரசியாரும் நாமுமாக இரண்டு இடங்களைப் பெற்றுக்கொண்டோம்.

வழிகாட்டியோடு செல்லும் பயணம் வகுப்பறையை ஒத்தது. நேரம் வந்ததும் எழுந்து நடக்கவேண்டும். முன்னே நிற்பவர் சுட்டிய திசையிற் பார்க்கவேண்டும். சிரிக்கவேண்டிய இடத்திற் சிரிக்கவேண்டும். நெடுங்காலம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற எமக்கு, வாங்கின் பக்கம் இருப்பது நல்ல தண்டனையாயிற்று.

மே மாதத்தின் கடைசி வாரம் அது. மழைக்காலம் தொடங்கவேண்டிய வேளை. ஆனால் வானத்திலே ஒரு முகிலும் இல்லை. காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட சிறிய பஸ் வண்டி, முள்மரப் பற்றைகளினூடாக நேராக ஓடியது. வழியிலுள்ள கிராமங்களிலே ஓலையால் வேய்ந்த, இரு முனையும் வளைந்த நீள்வட்ட வீடுகள். சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகள். நெடுந்தீவுக்குப் போனவர்கள் அவ்வேலிகளைக் கண்டால் ஒரு கணம் திகைப்பார்கள்.

ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் வண்டி நின்றது. சுடச்சுடச் சோள ரொட்டி, கறுத்த அவரையின் கூழ், வறுத்த பூசணி விதையைத் தக்காளியும் மிளகாயும் சேர்த்து அரைத்த ஒருவகைச் சம்பல். அதனை அவர்கள் ‘சிக்கில் பாக்’ என்கின்றனர். அம்மிளகாயின் உறைப்பைப் பற்றி எம்மை எச்சரித்தார்கள். எம் இல்லத்தரசியார் புன்னகை செய்து இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அங்கேதான் எமது அறியாமை ஒன்று வெளிப்பட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க எம் வழிகாட்டி எங்களோடு ஆங்கிலத்திலும் சாரதியோடு ஸ்பானிய மொழியிலும் பேசிவந்தார். கழுத்தோரத்திற் பூவேலை செய்த வெள்ளை அங்கி அணிந்திருந்த கடைக்காரப் பெண்மணியுடன் அவர் பேசியதோ மூன்றாவது ஒரு மொழி. அது என்னவென்று வினவினோம். “மாயமொழி. எங்கள் வீட்டு மொழி” என்றார். எத்தனையோ ஆண்டுகளாக மாயரை ‘மறைந்துபோன மக்கள்’ என்று வகுப்பிலே சொல்லிவந்த வாய் எம்முடையது. மெக்சிக்கோவின் 2020 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி யூக்கற்றான் மாயமொழியைப் பேசுவோர் 7 இலட்சத்துக்கும் அதிகம். மறைந்துபோன மக்களில் ஒருவர் எமக்கு முன்னே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

சிச்சென் இட்சா என்ற பெயரின் பொருளையும் வண்டியிலே அவர் விளக்கினார். ‘சி’ என்றால் வாய். ‘சென்’ என்றால் கிணறு. இட்சா என்பது அங்கு வாழ்ந்த குலத்தாரின் பெயர். இட்சாக்களின் கிணற்று வாய் என்பது பொருள்.

நகரத்துள் நுழைந்ததும் எவரையும் தடுத்து நிறுத்துவது குக்குல்க்கான் என்னும் இறகுப் பாம்புத் தெய்வத்தின் கோயிலே. சதுரமான அடித்தளத்தின்மீது ஒன்பது படைகளாகக் குறுகிக் குறுகி எழுந்து, உச்சியிலுள்ள மாடம் உட்பட 30 மீற்றர் உயரம் நிற்கின்றது. பக்கத்துக்கு 91 ஆக நான்கு பக்கமும் படிகள். மேற்றளத்தையும் ஒரு படியாகக் கூட்டினால் 365. இருபது நாள் கொண்ட பதினெட்டு மாதங்களும் மிகுதி ஐந்து நாளும் சேர்ந்த மாயரின் வருடம் அது. மார்ச்சு, செப்ரெம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி, மாலை வெயிலிலே வடக்குப் படிக்கட்டின் ஓரச்சுவரில் முக்கோண ஒளித்துண்டுகள் வரிசையாக விழ, அடியிலுள்ள பாம்புத் தலைகளை நோக்கி ஓர் உடல் நெளிந்து இறங்குவதுபோலத் தோன்றுமாம். நாம் சென்ற நாளில் வெயில் இருந்தது, பாம்பு இல்லை. படிகளுக்கு முன்னின்று கைதட்டினால் எதிரொலி ஒரு பறவையின் கீச்சுக்குரலாக மீள்கின்றது. இதனை மாத்திரம் எல்லாரும் சலிப்பின்றிச் செய்து பார்த்தனர். 2006 ஆம் ஆண்டு முதல் மேலேறுவதற்கு அனுமதியில்லை. அது நல்லதே என்று படிகளின் செங்குத்தைப் பார்த்தபோது தோன்றிற்று.

இக்கோயிலுக்குள் இன்னொரு கோயில் உண்டு. பழையதை இடிக்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டினார்கள். செந்நிறம் பூசிய சிறுத்தை வடிவான ஆசனம் ஒன்று உள்ளே கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அடியிலே நீர் நிறைந்த ஒரு குழி இருப்பதை 2015 ஆம் ஆண்டில், தோண்டாமலே, நிலத்தினூடாக மின்சாரம் செலுத்தி மெக்சிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். கோபுரமும் கிணற்றின் வாயிலேதான் நிற்கின்றது.

பந்தாட்டக் களத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 168 மீற்றர் நீளம். இரு மருங்கும் நெடுஞ்சுவர். சுவரின் மேற்பகுதியிலே கல்வளையங்கள். தலை வெட்டுண்ட ஓர் ஆட்டக்காரனின் கழுத்திலிருந்து குருதி பாம்புகளாகப் பீறிடும் சிற்பத்தைப் படம் பிடிக்க இடிபாடு. அங்கிருந்து, கல்லாற் சமைத்த பழைய வெண்பாதை வழியே வடக்கே நடந்தால் புனிதக் கிணறு வருகின்றது.

சுண்ணக்கல்லின் மேற்கூரை இடிந்து நிலத்தடி நீர் வெளிப்படும் இத்தகைய குழிகளை மாயர் ‘சொனொட்’ என்றனர். ஸ்பானியர் வாயில் அது ‘செனோட்டே’ ஆயிற்று. இப்புனிதக் கிணறு ஏறக்குறைய 60 மீற்றர் அகலமானது. செங்குத்தான வெண்பாறைச் சுவர்களுக்குக் கீழே, நெடுந்தூரத்தில், பச்சை மையைக் கரைத்தாற்போன்ற நீர். இவ்விடம் அமைந்த பண்ணையை 1894 இல் விலைக்கு வாங்கிய எட்வேர்ட் தொம்சன் என்ற அமெரிக்கர், 1904 முதல் இதன் சேற்றை வாரி எடுப்பித்தார். பச்சை மணிகளும் பொன்தகடுகளும் குங்கிலியம் போன்ற பிசின் உருண்டைகளும் மனித எலும்புகளும் வெளிவந்தன. பெரும்பாலானவை ஹார்வாட் பல்கலைக்கழக நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பகுதி 1970 இல் மெக்சிக்கோவுக்கு மீண்டது. எமக்குப் பக்கத்திலே வேறொரு குழுவின் வழிகாட்டி, அழகிய கன்னிப்பெண்களை இதனுட் தள்ளிய கதையை உரத்த குரலிற் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டோர் கண்கள் விரிந்தன. கிடைத்த எலும்புகளோ ஆண், பெண், குழந்தை எல்லாருடையவும். கன்னியர் கதை பிற்காலத்தார் கட்டியது.

எம் வழிகாட்டியும் பலிகளைப் பற்றி ஆரம்பிக்க வாயெடுத்தார். அவ்வேளை எம் இல்லத்தரசியார் எம் காதருகே, “இஞ்சருங்கோ, உந்தத் தண்ணி சாமிக்கெண்டால் இவ்வளவு சனமும் குடிக்கத் தண்ணி எங்கை அள்ளினது? அதைக் கேளுங்கோ” என்றார். நாம் கேட்டோம்.

வழிகாட்டி சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, இந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்பதில்லை என்றார். மற்றவர்கள் நினைவுப்பொருள் வாங்கும் இறுதி ஒரு மணி நேரத்தில், விருப்பமானால் எங்களிருவரையும் ஓரிடத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னார்.

தெற்கே போகும் வழியில் நத்தை எனப் பெயர் பெற்ற வட்டக் கோபுரத்தை நின்று பார்த்தோம். உள்ளே சுருண்டேறும் படிக்கட்டினால் அப்பெயர். சிதைந்த உச்சியிலுள்ள சாளரங்கள் வெள்ளிக்கிரகம் வானில் எட்டும் எல்லைகளை நோக்கியவை என்பது ஆய்வாளர் கருத்து. அக்கிரகத்தின் தோற்றமும் மறைவும் கணித்த அட்டவணை மாயர் ஏடு ஒன்றிலே உள்ளது. அவ்வேடு இன்று ஜேர்மனியிலே டிரெஸ்டன் நகரத்தில் இருக்கின்றது. அவர்களுடைய ஏடுகளில் எஞ்சியவை நான்கே நான்கு. 1562 ஆம் ஆண்டு மானி என்னும் ஊரிலே, டியேகோ டி லாண்டா என்ற கிறித்தவத் துறவியார் அகப்பட்ட ஏடுகளைக் குவித்துத் தீயிட்டார். மக்கள் எவ்வளவு துயருற்றனர் என்பதையும் அவரே பின்னர் எழுதிவைத்தார். 1981 இல் எமது நூலகம் எரிந்த சாம்பலைக் கண்ட ஊரிலிருந்து சென்ற நாம், இதைக் கேட்டபின் சிறிது தூரம் பேசாமலே நடந்தோம்.

‘ஷ்தோலொக்’ என்னும் மற்றக் கிணறு மரங்களுக்கிடையே மறைந்து கிடக்கின்றது. அங்கே சனநெருக்கம் இல்லை. கைக்குட்டையிலே பூவேலை செய்து விற்கும் ஒரு மூதாட்டி நிழலில் அமர்ந்திருந்தார், அவ்வளவே. புனிதக் கிணற்றைப்போல அச்சமூட்டும் செங்குத்துச் சுவர் இதற்கில்லை. ஒரு காலத்தில் நீரளவும் இறங்கப் படிகள் இருந்தன. நகரத்தார் குடிக்கவும் புழங்கவும் நீரெடுத்தது இங்கேதான் என்றார் வழிகாட்டி. எம் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பற்றிச் சொன்னோம்: அதுவும் சுண்ணக்கல் கரைந்து உண்டான குழி, மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். கடற்பக்கத்து யூக்கற்றானிலும் அப்படியே, உவரின் மேல் நன்னீர் மிதக்கின்றதென்று அவர் விரல்களாற் காட்டினார். எமக்கு விளங்கிற்று, அவருக்கும் நாம் சொன்னது விளங்கிற்று.

கிணறு இருந்தும் மழை வேண்டும். சோளம் கிணற்றிலே விளைவதில்லை. யூக்கற்றான் குகையொன்றில் நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த கல்லை ஆராய்ந்து 2025 இல் வெளியிட்டதன்படி, கி.பி. 871 க்கும் 1021 க்கும் இடையில் மழைக்காலம் பொய்த்த வறட்சிகள் எட்டு ஏற்பட்டன. ஒவ்வொன்றும் மூன்று வருடத்துக்குக் குறையாதது. நீண்டது பதின்மூன்று வருடம். இந்நகரின் கோபுரங்கள் எழுந்த காலமும் ஏறக்குறைய அதுவே.

இப்போது வழிகாட்டி, முன்னர் சொல்ல வாயெடுத்ததைத் தாழ்ந்த குரலிற் சொன்னார். புனிதக் கிணற்றுக்கு அண்மையிலே நிலத்தடி நீர்த்தொட்டியொன்று 1967 இல் அகப்பட்டது. அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள். அவற்றுள் 64 பேருடைய மரபணுக்களை ஆராய்ந்த முடிவு 2024 இல் வெளியாயிற்று. அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள்; பாதிப்பேர் மூன்று முதல் ஆறு வயது வரையினர்; உருவொத்த இரட்டையர் இரண்டு சோடி. தெய்வத்துக்கு ஈந்த பிள்ளைகளென்றே ஆய்வாளர் கருதுகின்றனர். அயலிலுள்ள திஷ்காகல்துயூப் என்னும் ஊரில் இன்று வாழும் மக்களிடமும் குருதி பெற்று ஒப்பிட்டனர். உறவு அறாமல் வந்திருக்கின்றது. “வெளியூரார் அதைக் கதையாகக் கேட்கின்றனர். அவர்கள் எங்கள் பிள்ளைகள்” என்றார். என்ன மறுமொழி சொல்வதென்று எமக்குத் தெரியவில்லை.

மழைக்காக இன்றும் வழிபாடு உண்டா என்று வினவினோம். உண்டு, மழைத்தெய்வமாகிய சாக் என்பாரை அழைக்கும் சடங்கு. தோட்டக்காட்டிலே தடியாற் பீடம் கட்டி, சோளமாப் பலகாரமும் தேன்பானமும் படைப்பார்கள். பீடத்தின் நான்கு மூலையிலும் நான்கு சிறுவரைக் காலிற் கயிறிட்டுக் கட்டி இருத்துவார்கள். அவர்கள் தவளைகள். பூசாரி மந்திரம் சொல்லச் சொல்ல அவர்கள் கத்திக்கொண்டேயிருக்க வேண்டும். “எட்டு வயதில் நானும் தவளையாக இருந்தேன்” என்று சொல்லி, கைகளை வாயிலே குவித்து, ஷ்தோலொக் நீரைப் பார்த்து ஒரு முறை கத்திக் காட்டினார். மூதாட்டி ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

உங்கள் ஊர்க் கிணற்றிலும் தவளை கத்துமா என்று வழிகாட்டி கேட்டார். எம் இல்லத்தரசியார், “கத்தாமலென்ன? மாரி பிறந்தால் விடிய விடிய நித்திரை கொள்ள விடாதெண்டு சொல்லுங்கோ” என்றார். நாம் ஆங்கிலத்திற் சொன்னதை அவர் மூதாட்டிக்கு மாயமொழியிற் சொன்னார். மூதாட்டி தலையசைத்து, வானத்தை ஒரு முறை பார்த்து, ஏதோ மறுமொழி சொன்னார்.

“எங்களூரிலும் அப்படித்தானாம்” என்றார் வழிகாட்டி. “இவ்வருடம் இன்னும் தொடங்கவில்லையாம்.”