தங்கராஜ் காத்த கோல்

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்துலயே தென்கொரியாகிட்ட 2-0 தோல்வி. பயிற்சியாளர் ரஹீம் அசரலை. தாய்லாந்து, ஜப்பான், தென்வியட்நாம்னு ஜெயிச்சு இறுதிக்கு வந்தா, எதிர்ல மறுபடி அதே கொரியா.

இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி தட்டிக் கேட்டிருந்தார். அந்தக் கோபத்துல மைதானமே நமக்கு எதிரா கத்துச்சு. தலையில தையலோட இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்னாடி நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் ஒண்ணு. 2-1, தங்கம்! கோல் காத்தவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்த நம்ம பீட்டர் தங்கராஜ்.

மல்லாட்டை பிடுங்கின என் கொல்லையில, மெஸ்ஸி பேர் போட்ட பனியனோட பந்து உதைக்கிற பசங்ககிட்ட இதைச் சொன்னேன். "அப்புறம் ஏன் பெரியப்பா நாம ஜெயிக்கலை?"ன்னான் ஒருத்தன்.

அடுத்த வருஷமே ரஹீம் புற்றுநோயில போயிட்டார். ஆசிய விளையாட்டுல கால்பந்து தங்கம் அதுக்கப்புறம் நமக்குக் கிடைக்கவே இல்லை. விதை நெல்லையும் ஆக்கித் தின்ன வீடு மாதிரி ஆயிடுச்சு.

ரமணாசிரமத்தைச் சுத்தி நிலமெல்லாம் பிளாட் கல் நட்டாச்சு. பசங்க ஓட இந்தக் கொல்லைதான் மிச்சம். அடுத்த உழவை ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்கேன்.