மின்னோட்டத்தை வாசிப்போர்: மைசூருவில் மடிக்கணினிப் பழுதுநீக்கும் தொழில்

2022ஆம் ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவொன்றை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் நாளன்று, அதற்கெனத் தனி இணையவாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. அவ்வுரிமை எவருடைய கைத்திறனால் நடைமுறைக்கு வருகிறதோ அவரை அறிந்துகொள்ள மைசூரு பொருத்தமான களம். 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும், 1946இல் என்.ஐ.இ. பொறியியல் கல்லூரியும், 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் தோன்றி, பின்னாளில் இன்ஃபோசிஸின் பெரும் பயிற்சி வளாகமும் அமைந்த இந்நகரில், மாணவர், ஆய்வாளர், மென்பொருள் பணியாளர் என மடிக்கணினியின்றி ஒருநாளும் கழியாதோர் மிகுதி. ஆகவே அதைச் சீர்செய்யும் சிறுகடைகளும் மிகுதி.

இத்தொழிலில் இருவகையினர் உளர். திரை, விசைப்பலகை, பேட்டரி போன்ற உறுப்புகளைக் கழற்றிப் புதியன பொருத்துவோர் ஒருவகையினர். மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட நுண்கூறுகளுள் கெட்டுப்போனது எது எனக் கண்டறிந்து அதை மட்டும் மாற்றுவோர் மற்றொரு வகையினர். பின்னவரின் பணி தொழில்வட்டத்தில் ‘சிப் லெவல்’ எனப்படுகிறது. ‘ஆன் ஆகவில்லை’ என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கணினியின் அடாப்டரையும் பேட்டரியையும் நீக்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னேற்றத்தை வடியவிடுதலும், ரேமைக் கழற்றித் துடைத்துச் செருகுதலும் இருவகையினரும் செய்யும் தொடக்கச் சோதனைகள். இவற்றால் எழாத கணினியே சிப் லெவல் மேசையைச் சேர்கிறது.

அம்மேசையில் உருப்பெருக்கியும் ஹாட் ஏர் கருவியும் முதலில் கண்ணில் படினும், தொழிலின் உயிர்நிலை டி.சி. பவர் சப்ளை என்னும் எளிய பெட்டியில்தான் உள்ளது. சுவர் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, வேண்டிய வோல்ட் அளவில் தந்து, பலகை எத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது என்பதை எண்ணில் காட்டும் இப்பெட்டியை அடாப்டரின் இடத்தில் இணைத்து, ஏறத்தாழ 19 வோல்ட் செலுத்தியபின், தொழிலாளர் பலகையை விட்டுவிட்டு அந்த எண்ணையே பார்த்திருக்கிறார். பொத்தானைத் தொடுமுன்பே எண் சுழியில் நின்றால், மின்சாரம் நுழைவாயிலைக் கூடக் கடக்கவில்லை. மின்செருகியோ, உருகியோ, நுழைவில் காவல் நிற்கும் மாஸ்ஃபெட் என்னும் மின்சாவியோ பழுதுபட்டிருக்கலாம். 0.01 முதல் 0.03 ஆம்பியர் வரை காட்டினால், கணினி உறங்கும்போதும் விழித்திருக்க வேண்டிய 3.3 வோல்ட், 5 வோல்ட் வழிகள் பெரும்பாலும் நலமாயுள்ளன எனக் கொள்ளலாம். இணைத்த கணமே ஆம்பியர் உச்சத்துக்கு ஏறி வோல்ட் சரிந்தால், முதன்மை வழி எங்கோ தரையோடு சேர்ந்துவிட்டது, இதுவே ‘ஷார்ட்’.

பொத்தானை அழுத்தியபின் வரும் எண்கள் இன்னும் நுட்பமானவை. சற்றே ஏறி உடனே சுழிக்கு இறங்கினால், ஒன்றன்பின் ஒன்றாக எழவேண்டிய மின்வழிகளுள் ஏதோ ஒன்று எழாமல் மற்றவற்றையும் நிறுத்திவிட்டது என்றும், ஏறிய இடத்திலேயே அசையாது நின்றால், செயலிக்கு மின்சாரம் கிடைத்தும் அது கட்டளை எதையும் நிறைவேற்றவில்லை என்றும், ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தால், கணினி உள்ளே இயங்குகிறது, குற்றம் திரையில் இருக்கக்கூடும் என்றும் தொழிலாளர் உய்த்துணர்கிறார். இவ்வாசிப்பு பல்லாண்டு பழக்கத்தால் மட்டுமே கைவருவது; பொறியியல் பட்டம் பெற்றோர் பலருக்கும் வாய்க்காத இவ்வறிவு, இதைக் கொண்டோருக்கு உரிய மதிப்பைப் பெற்றுத்தரவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஷார்ட்டின் இருப்பிடத்தைத் தேடும் முறையிலும் அதே பெட்டி பயன்படுகிறது. கடுகினும் சிறிய பீங்கான் மின்தேக்கிகள், பலகை வளைவதாலோ காப்பி சிந்துவதாலோ விரிசலுற்றோ அரிப்புற்றோ தரையோடு இணைந்துவிடுவது வழக்கமான நோய். ஐயத்துக்குரிய வழியில் ஒரு வோல்ட்டுக்கு மிகாத அழுத்தத்தில் மின்னோட்டத்தை மட்டும் கூட்டிச் செலுத்தினால், குற்றமுள்ள மின்தேக்கி சூடேறுகிறது. பலகைமேல் தடவிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அவ்விடத்தில் முதலில் உலர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது. அழுத்தத்தை ஒரு வோல்ட்டில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. செயலிக்கு மின்னூட்டும் மாஸ்ஃபெட்டே உடைந்திருப்பின் முதன்மை வழி நேரே செயலியோடு தொடர்புற்றிருக்கும். ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் வாழும் செயலிக்குள் 19 வோல்ட் பாய்ந்தால் மீட்சியே இல்லை.

குற்றவாளியைக் கண்டபின் அதை நீக்குவது சில நிமிட வேலை. ஆயினும் அச்சில நிமிடங்கள் தொழிலாளரின் உடலுக்குத் தீங்கு செய்வன. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதைத் தொடர்ந்து பரவிய ஈயமற்ற பற்றாசு ஏறத்தாழ 217 பாகை செல்சியஸில் உருகுவதாலும், ஈயம் கலந்தது 183 பாகையிலேயே இளகுவதாலும், பழுதுநீக்குமிடங்களில் ஈயப் பற்றாசே இன்றும் விரும்பப்படுகிறது. அதனோடு சேரும் ரோசின் என்னும் பைன் மரப் பிசின் சூடேறி எழுப்பும் புகை ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. குறுகிய கடையறையில் புகைபோக்கி இல்லாமல் இதைச் சுவாசிப்பவருக்குத் தொழில்நோய்ப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பொருளியல் நிலை இதனினும் கொடிது. தெருவை நோக்கிய கடைகளுள் பல, பலகையைத் தாமே திருத்தாமல் சிப் லெவல் தொழிலாளரிடம் அனுப்பி, அவர் பெறும் கூலியின்மீது தம் பங்கை ஏற்றி வாடிக்கையாளரிடம் வாங்குகின்றன. கணினியின் சொந்தக்காரர் அதைச் சீர்செய்தவரின் முகத்தைக் கூட அறிவதில்லை. சீராகாவிடின் கூலியில்லை என்னும் வழக்கத்தால், நாள் முழுதும் நோய் தேடிய உழைப்பு பயனின்றிப் போகிறது. ‘பார்த்ததற்கா காசு?’ என்று கேட்போர், பார்ப்பதே இத்தொழிலின் முக்கால் பங்கு என்பதை உணர வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்தக் கூறு எதனோடு இணைகிறது என்பதைக் காட்டும் சுற்றுப்படத்தைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பொதுவில் தருவதில்லையாதலால், கசிந்து வந்த படிகளை இடைத்தரகரிடம் விலைகொடுத்துப் பெறும் நிலையும், பெங்களூருவின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டிலிருந்து வரும் ‘டோனர் போர்டு’, அதாவது உறுப்புக்கொடைக்கென ஒதுக்கப்பட்ட இறந்த பலகையிலிருந்து சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் நிலையும் நீடிக்கின்றன. பிரான்சு 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினி உள்ளிட்ட பொருள்களுக்குப் பழுதுநீக்கத் தகைமைக் குறியீட்டைக் கட்டாயமாக்கி, தொழில்நுட்ப ஆவணங்கள் கிடைப்பதையும் அதில் மதிப்பெண்ணாகச் சேர்த்தது. இந்தியாவில் சுற்றுப்படத்தை மறைப்பது குற்றமாகாது. அதைத் தேடிப் பெற்று உழைப்பவரோ கள்வரைப்போல் ஒளிய வேண்டியுள்ளது.

‘பலகையை மாற்றிவிடலாம்’ என்னும் எளிய அறிவுரையால் இழப்பது பணம் மட்டுமன்று. இன்றைய மெல்லிய கணினிகள் சிலவற்றில் சேமிப்பகச் சில்லுகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன; வேறு பலவற்றில் வட்டு தனியே இருப்பினும், அதைப் பூட்டிய மறைக்குறியாக்கச் சாவி பலகையின் பாதுகாப்புச் சில்லோடு பிணைந்துள்ளது. மீட்புச்சாவியையோ படியையோ தனியே காத்துவைக்காத ஆய்வாளரின் களப்பதிவுகளும், மாணவரின் ஆய்வேடும் பழைய பலகை ஒருமுறையேனும் உயிர்பெற்றாலன்றித் திரும்புவதில்லை. ஆகையால் கணினியையே கைவிட எண்ணியவர்கூட, கோப்புகளைப் படியெடுக்கும் நேரமளவுக்காவது அது ஓடினால் போதும் என்று இத்தொழிலாளரிடம் கேட்டு நிற்கின்றனர்.