ஸ்டேஷன் இல்லாத ஊரில் ஒரு ஸ்டேஷன் வாகன்

கம்பம் பள்ளத்தாக்கிலே எல்லாம் உண்டு. நெல் உண்டு, வாழை உண்டு, தென்னை உண்டு, வருஷம் முழுவதும் திராட்சை உண்டு. மேற்கே மலை ஏறினால் ஏலக்காய். கிழக்கே மலை ஏறினால் தேயிலை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: ரயில். மதுரையிலிருந்து புறப்பட்ட தண்டவாளம் தேனியைத் தொட்டுவிட்டு, போடிநாயக்கனூரோடு நின்றுவிட்டது. அந்தச் சின்ன ரயிலையும் அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் வந்து சேர்ந்தது. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் ரயில் என்பது மனுக்களிலேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட பக்கத்தில், ராயப்பன்பட்டியில் என் அக்கா வீட்டு வாசலில் ஒரு 'ஸ்டேஷன் வாகன்' நிற்கிறது! கூரை பின் கோடி வரையில் நீண்டிருக்கும். டிக்கி தனியாகப் பிதுங்கி நிற்காது. பின்னால் ஒரு பெரிய கதவு மேலே தூக்கித் திறக்கும். ரயிலடிக்குப் போய் மனிதர்களையும் பெட்டி படுக்கைகளையும் ஏற்றி வந்ததால் அமெரிக்காவில் அதற்கு ஸ்டேஷன் வாகன் என்று பெயர் ஏற்பட்டது. இங்கிலாந்திலே பெரிய பண்ணைகளில் உழைத்ததால் 'எஸ்டேட் கார்' என்றார்கள். ஸ்டேஷன் இல்லாவிட்டால் போகிறது; எஸ்டேட்டுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பஞ்சமே இல்லை.

உத்தமபாளையத்தில் நெடுஞ்சாலையை விட்டு விலகி மேகமலைப் பக்கமாகச் சில மைல் போனால் ராயப்பன்பட்டி. சாலைக்கு இரு புறமும் தலைக்குச் சற்று மேலே பச்சைக் கூரை போட்டது போல் திராட்சைப் பந்தல்கள். கல் தூண்களுக்கு மேலே கம்பி வலை. வலைக்கு மேலே கொடி. வலைக்குக் கீழே கருநீலக் குலைகள். பந்தல்களைத் தாண்டிப் பனிமய மாதா கோயில். அதற்கும் அப்பால் மலையடிவாரத்தில் சண்முகாநதி அணை. இந்த ஊர்களில் பழுப்பது பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தோல் மெல்லிசு; வாசனை ஜாஸ்தி. ஆனால் கோபமும் ஜாஸ்தி! கொஞ்சம் குலுக்கினால் காம்பை விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வண்டிக் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான எஸ்டேட் வண்டி எது என்று கேட்டால், சிறு குழந்தைகூட ஜீப் என்றுதான் சொல்லும். விடிவதற்கு முன்னால் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் தெருமுனைகளில் பெண்கள் தூக்குச் சட்டியும் கையுமாகக் காத்திருப்பார்கள். ஜீப் வரும், ஏறிக்கொள்வார்கள், கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று மலைப்பாதை ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களில் போய் இறங்குவார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பி வந்து உலை வைப்பார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்க்க முயன்றேன். எண்ணி முடிப்பதற்குள் வண்டி வளைவில் மறைந்துவிட்டது. அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளும் அவ்வப்போது பத்திரிகையில் வரத்தான் வருகின்றன. நம் வீட்டு டப்பாவில் இருக்கும் ஏலக்காய்க்குப் பின்னால் அப்படி ஒரு பிரயாணம் இருக்கிறது.

அக்கா வீட்டுக்கு வண்டி தேவைப்பட்டது வேறு காரணத்துக்காக. அவளுடைய மாமனாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிஸிஸ். அவருக்கு முறை கிடைத்தது தேனியில். போக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. போகும்போது பஸ் போதும். மனிதர் பேசிக்கொண்டே வருவார். திரும்பும்போதுதான் பிராண சங்கடம். துவண்டு போய்விடுவார். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார்ந்திருக்க முடியாது. வாடகைக் கார் வைத்துப் பார்த்தார்கள். மூன்றே மாதத்தில் ஒரு போகத் திராட்சைப் பணம் கரைந்தது. அத்தானுக்கோ தோட்டத்தை விட்டு நகர முடியாது. கடைசியில், "நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஒரு பழைய வண்டி பாருங்கள்" என்று அக்கா தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். இது 2024-ல் நடந்தது.

பழைய வண்டி என்றதும் யோசனை சொல்ல ஊரே திரண்டது. "ஜீப் வாங்கு" என்றார்கள் பாதிப்பேர். ஆனால் முழங்கால் மடங்காத பெரியவர் ஜீப்பில் ஏறுவதற்கு ஒரு ஏணி வேண்டும். "மாருதி வாங்கு" என்றார்கள் மீதிப்பேர். பெரியவர் முன்னால் சாய்ந்து படுத்து வர வேண்டும். அத்தை பின்னால் உட்கார வேண்டும். தேனிக் கடைகளுக்குக் கொடுக்கும் திராட்சை டிரேக்களும் போக வேண்டும். மொத்த அறுவடைக்கு வியாபாரியின் லாரி தோட்டத்துக்கே வரும் என்றாலும், பின்தங்கிப் பழுக்கிற குலைகளை இப்படிச் சில்லறையாகக் கொடுத்தால்தான் டீசல் செலவு கட்டும். இத்தனையும் சின்னக் காரில் எங்கே கொள்ளும்? எஸ்டேட் கார் என்ற எண்ணம் இப்படித்தான் வந்தது.

நம் தேசத்தில் எஸ்டேட் கார்களுக்கு ஜாதகம் சரியில்லை. அம்பாசிடரிலே எஸ்டேட் வந்தது; பல ஊர்களில் ஆம்புலன்ஸாகப் போய்ச் சேர்ந்தது. டாட்டா கம்பெனி 1992-ல் 'எஸ்டேட்' என்ற பெயரிலேயே ஒரு டீசல் காரைக் கொண்டுவந்தது. பலேனோ அல்டுரா, ஓப்பல் ஸ்விங், சியெனா வீக்எண்ட், ஆக்டேவியா காம்பி என்று பிறகும் சில வந்து, வந்த வழியே போயின. டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால்தான் நம்மவர்களுக்குக் கார் என்ற மதிப்பு. அத்தையும் படத்தைப் பார்த்தவுடனே, "ஏத்தா, இது ஆசுபத்திரி வண்டி மாதிரியில்ல இருக்கு!" என்றாராம். மாமனார் பதில் சொன்னார்: "ஆசுபத்திரிக்குத்தானே போறோம்?" அத்துடன் விவாதம் முடிந்தது.

முதலில் பார்த்தது மலையடிவாரத்தில் ஒரு வண்டி. பின் கதவைத் தூக்கியதும் கமகமவென்று ஏலக்காய் வாசனை! அக்கா மயங்கிவிட்டாள். கூட வந்த மெக்கானிக் மயங்கவில்லை. பின்பக்கத்து விரிப்பைத் தூக்கினார்; இடுக்கில் ஏலக்காய் உமி. "அக்கா, இது மூட்டை ஏத்தி மலை ஏறின வண்டி. கிளட்ச் தேஞ்சிருக்கும், பின்னாடி ஸ்பிரிங் உக்காந்திருக்கும்" என்றார். சமதரையில் நிறுத்தித் தூரத்திலிருந்து பார்த்தால், பின்பக்கம் பூனை பதுங்கியது போலத் தாழ்ந்துதான் இருந்தது. எஸ்டேட் காரிலே இடம் இருக்கிறது என்றே எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள். ஆகவே முன்னழகைப் பார்க்காமல் முதலில் பின்னால் போக வேண்டும்.

அப்புறம் மதுரையில் கிடைத்தது இண்டிகோ மெரீனா. டாட்டா கம்பெனி 2004-ல் வெளியிட்ட ரகம். இது 2007-ல் பதிவானது, டீசல், ஒரே கை ஓட்டியது. மெக்கானிக் சொன்ன விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: "முன்பாதி ஊருக்குப் பொது, பின்பாதிதான் இதுக்குச் சொந்தம்." அதாவது, என்ஜினும் கிளட்சும் பிரேக்கும் இண்டிகா காரின் வம்சம். இண்டிகா 1998-லிருந்து 2018 வரையில் வந்த வண்டி. வாடகைக் காராக ஓடாத ஊர் கிடையாது. கம்பத்திலோ தேனியிலோ அந்தச் சாமான் இல்லையென்று யாரும் கை விரிக்க மாட்டார்கள். ஆனால் பின் கண்ணாடி, பின் விளக்கு, தூக்குகிற கதவு இவை மெரீனாவுக்கே உரியவை. உடைந்தால் தேடி அலைய வேண்டியதுதான். ஆகையால் அவற்றில் கீறல் இருக்கிறதா, கதவு ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறதா, ஸ்டெப்னி சக்கரம் கிடக்கும் பள்ளத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா காலையில் ஆறு மணிக்கே போய் நின்று, பானெட்டின்மேல் கை வைத்துப் பார்த்தாளாம். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். டீசல் வண்டியின் குணம் குளிர்ந்த என்ஜினில்தான் தெரியும். மதுரையில் மலைக்கு எங்கே போவது? ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் நாலு பேரோடு நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார் மெக்கானிக். நடுங்காமல் எடுத்தது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேட்டார், இல்லை. அது ஓட்டத்தில் அறுந்தால் என்ஜினே போய்விடும். புதுப் பெல்ட் செலவை விலையில் கழித்துக்கொண்டார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பளபளவென்று கருப்புப் பூசிய டயர், பிறந்த தேதியைப் பார்த்தால் கிழமாக இருந்தது. அதற்கும் ஒரு தொகை குறைந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பரீட்சை வேறு. மாமனாரை அழைத்துப் போய், "ஏறி இறங்கிப் பாருங்கள் மாமா" என்று அக்கா மூன்று தடவை ஏற்றி இறக்கினாள். விற்றவருக்குச் சிரிப்பு. ஆனால் யாருக்காக வண்டி வாங்குகிறோமோ அவர் உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது பொண்ணைப் பார்க்காமல் கல்யாணம் நிச்சயிப்பது போலத்தான். அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டதே!

காகிதங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்கள்தான் இதில் ஏமாற மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி உண்டு. 2022 ஏப்ரல் முதல் புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். இந்த மெரீனா 2022-ல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பெயர் மாற்ற 29, 30 என்ற இரண்டு படிவங்கள். பழைய பாங்குக் கடன் ஆர்.ஸி. புத்தகத்தில் நின்றால் அதை நீக்க 35. இன்ஷூரன்ஸையும் 14 நாளைக்குள் நம் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்துவிட வேண்டும். வேறு ராஜ்யத்து நம்பராக இருந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். குமுளிக்கு அந்தண்டை விலை மலிவு என்று ஓடுகிறவர்கள் இதையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் போன வாரம் அதில் பிரயாணம் செய்தேன். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுகிறாள். டிரேக்களை ஜன்னல் மட்டத்துக்கு மேல் அடுக்குவதில்லை. வலை போட்டுக் கட்டிவிடுகிறாள். எஸ்டேட் காரில் சாமானுக்கும் நம் பிடரிக்கும் நடுவே சுவர் கிடையாது. சடாரென்று பிரேக் போட்டால் திராட்சை நம் தலைக்கு அபிஷேகமாகிவிடும். அடியில் பழைய சணல் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருக்கிறாள். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோன நாட்களில் அடித் தட்டு நிறைய உதிர்ந்து கிடக்குமாம். இப்போது ஒரு பிடிதான். அதையும் அத்தை பொறுக்கிப் பேரனுக்கு வைத்துவிடுகிறார்.

சின்னமனூர், சீலையம்பட்டி, வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி என்று வரிசையாக ஊர்கள் வந்தன. சித்திரைத் திருவிழாவில் மட்டும் வீரபாண்டியில் கூட்டம் நெரியும். அன்று ஒரு மணி முன்னதாகக் கிளம்பிவிடுவார்களாம். குறை இல்லாமலா? தோட்டத்து மண் பாதையில் புழுதி முழுவதும் பின் கண்ணாடியில் வந்து அப்பிக்கொள்கிறது. இந்த மாதிரி கார்களின் பிறவிக் குணம் அது. வெட்டிவிட்ட முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று மண்ணை வாரி வைக்கிறது. பின் கதவைத் தாங்கும் குழாய் தளர்ந்துவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது வரையில் ஒரு மூங்கில் கழி முட்டுக் கொடுக்கிறது.

திரும்பும்போது மாமனார் முன் இருக்கையைச் சாய்த்து, ஊசி குத்திய கையை ஒரு சின்னத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, "2027-ல் இதற்கு மறுபடி எஃப்.ஸி. பார்க்க வேண்டும், பாஸாகுமோ என்னவோ" என்று அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு என்னையும் சேர்த்தே கூட்டிட்டுப் போம்மா. ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் பார்த்திடலாம்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அக்கா பதில் சொல்லவில்லை. உத்தமபாளையத்தில் நிறுத்தி டீசல் போட்டாள். பின் டயர் இரண்டிலும் காற்று பார்க்கச் சொன்னாள். மறுநாள் கழித்து மறுபடி தேனி போக வேண்டும்.