மருமானும் ஆவிக் கருவியும்

ஒரு கருவியை மதிப்பிடப் புகுவோர் முதற்கண் கேட்க வேண்டியது, அஃது எப்பணிக்காகச் செய்யப்பட்டது என்பதே. அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் தில்லி மாநகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். ஆதலின், புதிய கருவி எதனைக் கண்டாலும் அதனைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆவல் எனக்கு இயல்பாகிவிட்டது. 2024ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழும் என் தமக்கை மகனுடன் இரு திங்கள் தங்கியிருந்தேன். அப்போது அவனிடமிருந்த 'வேப்' என்னும் ஆவிக் கருவியையும் அவ்வாறே கழற்றிப் பார்த்தேன்.

கல்லூரி நாள் தொட்டுப் பதினைந்து ஆண்டுகள் சிகரெட்டுக்கு அடிமைப்பட்டிருந்தவன் அவன். தாயின் கண்ணீரும் தந்தையின் சினமும் அவனை மாற்றவில்லை. நான் சென்றபோது, அவன் சிகரெட்டைத் தொட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குத் துணை நின்றது இக்கருவிதான் என்றான்.

இன்று உலகெங்கும் பரவியுள்ள இவ்வகைக் கருவியைச் சீன நாட்டு மருந்தாளுநர் ஹான் லிக் என்பார் 2003ஆம் ஆண்டில் உருவாக்கினார். இதில் புகையிலை எரிவதில்லை. மின்கலத்தின் ஆற்றலால் ஒரு கம்பிச்சுருள் சூடேறுகிறது. நிக்கோட்டின் கலந்த நீர்மம் ஆவியாகிறது. அந்நீர்மத்தையும் சுருளையும் தாங்கி நிற்கும் சிறு குப்பியையே 'டேங்க்' என்கின்றனர். பலர் வாங்கும் டேங்கில், சுருள் ஆலையிலேயே அடைக்கப்பட்டு வருகிறது; தேய்ந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். என் மருமானுடையதோ மீளக் கட்டத்தக்கது. கம்பியைத் தானே சுற்றித் திருகாணியில் பொருத்தி, பஞ்சுத் திரியையும் தானே இட்டுக்கொள்கிறான்.

இனி, இழுக்கும் முறையைக் காண்போம். ஹூக்காவை இழுப்பவர் மூச்சை நேரே நெஞ்சுக்குள் வாங்குவார். சிகரெட் பிடிப்பவரோ முதலில் வாயில் நிரப்பிக்கொண்டு பின்னரே உள்ளிழுப்பார். பல்லாண்டுப் பழக்கம் உடையவனுக்கு இப்பின்னைய முறையே உடலோடு ஒட்டியது. எனவே அவனுக்கான டேங்க், காற்றைத் தாராளமாக விடலாகாது; குறுகிய துளை வழியே சற்றுத் தடுத்துத் தடுத்தே விட வேண்டும். என் மருமான் கருவியின் காற்றுத் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். வளையத்தைத் திருகி அதனை மேலும் குறைக்கலாம். இந்தத் தடை சீராக இருக்கிறதா, இழுக்கும்போது சீழ்க்கை ஒலி எழுகிறதா என்பதே முதற்சோதனை. அதில் இது தேறியது.

இரண்டாவது, சுருள். இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோலில் மெல்லிய கந்தல் கம்பியை ஆறு சுற்றுச் சுற்றியிருந்தான். ஓம்மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஓர் ஓமுக்குச் சற்றே மேல் காட்டிற்று. மூன்றரை வோல்ட் கொடுத்தால் பதினொரு வாட் அளவில் நிற்கும். வாயில் நிறுத்தி இழுப்பவனுக்கு அது போதும். கம்பியின் முனை உலோகச் சுவரைத் தொட்டுவிட்டால் குறுக்கோட்டம் ஏற்பட்டு மின்கலம் கொதிப்படையும். ஆகவே ஒவ்வொரு முறை கட்டிய பின்னும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

மூன்றாவது, திரி. இங்கேதான் பலர் இடறுகின்றனர் என்றான் அவன். நம் வீட்டு அகல்விளக்கின் நியாயமே இங்கும். பஞ்சை இறுக்கினால் நீர்மம் ஏறாது. உலர்ந்த பஞ்சு கருகித் தொண்டையைப் பொசுக்கும். அவ்வாறு கருகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகளும் மிகுகின்றன. பஞ்சு குறைந்தாலோ நீர்மம் காற்றுத் துளை வழியே கசிந்து சட்டைப் பையை நனைக்கும். திரி இடும் அறைகள் அகலமாய் இருந்தமையால் இவ்விரு குற்றங்களையும் தவிர்ப்பது அவனுக்கு எளிதாயிற்று. ஆயினும், கைப்பழக்கமும் பொறுமையும் இல்லாதார்க்கு இக்கருவி உகந்ததன்று.

பொறியின் தரம் இவ்வளவே. ஆனால் இது செய்ய வேண்டிய பணி ஒருவனைச் சிகரெட்டிலிருந்து விலக்குவது. இறுதியில் தன்னிடமிருந்தும் விலக்குவது. பிரிட்டனில் நிக்கோட்டினின் அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. டேங்கின் கொள்ளளவு 2 மில்லிலிட்டருக்கு மிகலாகாது. என் மருமான் 18இல் தொடங்கி, 12, 6 எனக் குறைத்து, 3இல் நின்றான். அந்த இறங்கு வரிசையே இக்கருவிக்கு நான் தரும் பெரிய மதிப்பெண்.

இப்பொருளை இரு நாடுகள் இரு விதமாக எடை போட்டுள்ளன. புகைப்பவர்க்குச் சிகரெட்டைவிட இதன் தீங்கு மிகக் குறைவு என்று 2016இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி கருதிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ இளைஞர்கள் புதிதாக அடிமைப்படுவர் என அஞ்சி, முழுத் தடையை 2019இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டிலேயே சட்டமும் பிறந்தது. முழுக் கருவி மட்டுமன்று, அதன் உறுப்பு எதனையும் இந்தியாவில் செய்தலும், விற்றலும், இறக்குமதி செய்தலும் குற்றமாயின. முதற்குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு.

நான் திரும்பிய பின், தந்தையின் பீமரத சாந்திக்காக அவன் தில்லிக்கு வர நேர்ந்தது. "மாமா, டேங்கை மட்டும் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன், இத்தனை சிறு பொருளை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று தொலைபேசியில் கேட்டான். "அது இல்லாமல் வந்தால் மறுபடியும் சிகரெட்டைப் பிடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்றும் சொன்னான். அவன் அச்சம் பொய்யன்று. ஆயினும், "தந்தையின் எழுபதாம் ஆண்டு விழாவுக்கு வருகிற மகன் சட்டத்துக்கு ஒளித்துப் பொருள் கொண்டு வர வேண்டாமப்பா" என்றேன். அவ்வாறே அதனை லீட்ஸிலேயே விட்டுவிட்டு, நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசையோடு வந்தான்.

பதினாறு நாட்கள் இருந்தான். விழா மாலையில் மண்டபத்தின் பின்புறம், பழைய தோழர் ஒருவர் சிகரெட் பெட்டியைத் திறந்து நீட்டினார். நான் சற்றுத் தொலைவில் நின்றிருந்தேன், அழைக்கவில்லை. அவன் கை சிறிது எழுந்தது. பிறகு சட்டைப் பைக்குள் சென்று பசையை எடுத்தது. பெட்டி மூடிற்று. அன்றிரவு என் தமக்கையிடம் இதனைச் சொன்னபோது, அவள் ஒன்றும் பேசாமல் பூசை அறைக்குள் சென்றுவிட்டாள்.

லீட்ஸ் திரும்பியவன் இன்றும் அந்த டேங்கையே பயன்படுத்துகிறான். முழு விடுதலை இன்னும் வரவில்லை. எனினும், அது இல்லாமலும் தன்னால் நிற்க முடியும் என்பதை அறிந்துகொண்டான். நல்ல ஊன்றுகோல் நடையைத் திருப்பித் தர வேண்டும், காலாகிவிடக் கூடாது.

நம் இல்லத்தாருக்கு ஒரு சொல். தடை இருந்தும் நம் நகரங்களில் இக்கருவிகள் மறைவாக விற்கப்படுகின்றன. சில பேனாவைப் போலவும், சில பென்டிரைவ் போலவும் இருப்பதால், பிள்ளைகளின் பையில் கிடந்தாலும் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் நீர்மம் யாது என்பதற்கு அங்கே பொறுப்பாளர் எவரும் இலர். புகைத்தறியாத பிள்ளைக்கு இக்கருவியால் ஆகும் நன்மை ஒன்றுமில்லை; அடிமைத்தனம் ஒன்றே மிஞ்சும். சிகரெட்டையோ பீடியையோ விட விழையும் பெரியவர்கள், 1800-112-356 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணில் அறிவுரை பெறலாம். வீட்டில் எவரேனும் அம்முயற்சியில் இருப்பின், ஏசாதீர்கள். நாட்களை அவரோடு சேர்ந்து எண்ணுங்கள்.