பக்கத்து வீட்டு வாசனை

எங்கள் பக்கம் வெடிச்சத்தத்துக்கு யாரும் அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை. தீர்த்தமலையைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் கிணறு வெட்டினாலும் கொஞ்ச ஆழத்தில் பாறை தட்டும். கம்ப்ரசர் வண்டியைக் கூப்பிட்டுத் துளை போட்டு, தோட்டா வைத்துத்தான் மேற்கொண்டு இறங்க வேண்டும். தோட்டா வைக்கிற ஆளுக்கு வேலை பாதி கிணற்றுக்குள், பாதி வெளியே. வெடிக்க விடுமுன் மேட்டில் ஏறி நின்று, நாலு பக்கமும் பார்த்து, "வேட்டு... வேட்டு..." என்று தொண்டை கிழியக் கத்துவார். மாடு மேய்ப்பவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு விலகுவார்கள். ரோட்டில் வரும் வண்டியை யாராவது கைகாட்டி நிறுத்துவார்கள். பிறகுதான் சத்தம், புகை, கல் எல்லாம். கத்தாமல் வேட்டு வைத்தவரை ஊர் மறுபடி வேலைக்குக் கூப்பிடாது.

இந்தப் பழக்கத்தை நான் யோசிக்க ஆரம்பித்தது சேலத்துச் செய்தியைப் படித்த பிறகு. 2021 நவம்பர் 23, விடிந்தும் விடியாத நேரம். கருங்கல்பட்டி பாண்டுரங்கன் விட்டல் தெருவில் ஒரு வீட்டில் இரவெல்லாம் கசிந்திருந்த கேஸ் வெடித்தது. அந்த ஒரு வீடு மட்டும் போகவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் சேர்ந்து சரிந்தன. ஐந்து பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்குள் சிக்கிய சிறுமி ஒருத்தியை மணிக்கணக்கில் போராடி உயிரோடு வெளியே எடுத்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் தீயணைப்புத் துறை அலுவலர். எத்தனை பேருடைய சமையலறையில் நின்று எச்சரித்திருப்பாரோ, அவருக்கு ஆபத்து பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சேலம் எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கல்யாண ஜவுளிக்கும் போகிற ஊர். அந்த வாரம் தீர்த்தமலையில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. "சிலிண்டர் வெடிச்சிடுச்சாம்" என்று ஆரம்பித்து, "அந்தம்மா கவனிக்காம விட்டுடுச்சு" என்று முடியும். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலாவது, பெரும்பாலான விபத்துகளில் சிலிண்டர் வெடிப்பதே இல்லை. அழுத்தம் தாங்கவென்றே செய்த இரும்பு அது. சுற்றிலும் நெருப்பு சூழ்ந்து வெகுநேரம் வாட்டினால் ஒழிய அது பிளப்பது அபூர்வம். வெடிப்பது அறை. வெளியே வந்த கேஸ் காற்றோடு கலந்து நிற்க, ஒரு பொறி விழ, அறை முழுக்க ஒரே நொடியில் எரிந்து விரிகிறது. சுவர் அந்த வேகத்துக்குக் கட்டியதல்ல, அதனால் அது போகிறது.

எவ்வளவு கேஸ் வேண்டும் இதற்கு? ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடிக்குப் பத்தடி சமையலறை, உயரமும் பத்தடி என்றால் ஏறக்குறைய 28 கனமீட்டர் காற்று. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும் கலவை ஆகிவிடும். எடையில் சொன்னால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சாதாரணக் குடும்பத்துக்கு மூன்று நாள் சமையலுக்கு ஆகிற கேஸ். சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ. அதிலும் கேஸ் அறை முழுக்கச் சமமாகப் பரவிக் காத்திருப்பதில்லை. காற்றைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம் என்பதால் கீழே இறங்கும். தரையில் படரும், வாசற்படிக்கு உள்ளே தேங்கும், பாத்திரம் கழுவுகிற சலதாரையில் இறங்கும். ஆகவே ஒரு கிலோகூடத் தேவைப்படாது.

பழைய ஓட்டு வீட்டில் இதற்கெல்லாம் போக வழி இருந்தது. ஓட்டுச் சந்தில் காற்று வரும். புறக்கடைக் கதவுக்கடியில் எலி நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். இப்போது எங்கள் தெருவில் முக்கால்வாசி தார்சு வீடு. டைல்ஸ் போட்டு, கிரானைட் படி வைத்து, கதவை நிலையோடு இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஜன்னல் மேலே இருக்கிறது, அதுவும் கொசுவுக்குப் பயந்து சாயங்காலமே சாத்தியாகிறது. கேஸ் கீழே இருக்கிறது. கீழே ஒரு கைப்பிடி அகலத்துக்காவது காற்று போக வழி விடச் சொன்னால் மேஸ்திரி சிரிக்கிறார். பாம்பு வருமாம். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பி வலை அடித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. 2007இல் தமிழ்நாட்டு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது; 2016இல் மத்திய அரசின் உஜ்வலா இணைப்பு வந்தது. அடுப்பு வந்தது, விறகும் போகவில்லை. சிலிண்டர் விலையைப் பார்த்தால் எப்படிப் போகும்? டீக்கும் அவசரத்துக்கும் கேஸ், சோறு வடிக்கவும் குளிக்கத் தண்ணீர் காயவும் விறகு. இரண்டும் பல வீடுகளில் ஒரே அறையில் இருக்கின்றன. மேடைமேல் கேஸ் அடுப்பு, தரையில் மண் அடுப்பு, மண் அடுப்பில் சாம்பலுக்கடியில் அணையாத கங்கு. கசிகிற கேஸ் தானாக இறங்கிப் போகிற இடத்திலேயே நெருப்பு காத்திருக்கிறது. புகை கண்ணுக்குக் கெடுதி என்று ஊருக்கு ஊர் சொன்ன அதிகாரிகள், இரண்டையும் ஒரே அறையில் வைக்காதே என்று அந்த அளவுக்குச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

விடிகாலையில் ஏன் இத்தனை விபத்து என்பதும் இதே சங்கதிதான். இரவெல்லாம் மூடிய வீடு. எழுந்ததும் முதலில் செய்கிற காரியம் லைட் போடுவது, இல்லையென்றால் சாமி விளக்கு, இல்லையென்றால் அடுப்பு. மூன்றும் பொறிதான். யாரும் எதையும் தொடாவிட்டாலும் ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கிறதே, அதற்குள்ளும் ஒரு பொறி உண்டு. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், பதினெட்டாவது மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி காலை ஆறு மணிக்கு முன் டீ போடத் தீக்குச்சி உரசினார். சுவர் வெளியே பறந்தது. அதன்மேல் நின்ற மாடிகள் இறங்கின. அந்த எடை தாளாமல் கீழே இருந்தவையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கட்டடத்தின் ஒரு மூலையே உச்சியிலிருந்து தரைவரை போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். டீ போட்ட பெண்மணி பிழைத்தார். அடுப்பும் பிழைத்தது, அடுத்த வீட்டுக்குக் குடிபோனபோது அதையும் கொண்டுபோனாராம். விசாரணையில் அகப்பட்டது, அடுப்போடு குழாயை இணைத்த ஒரு பித்தளை நட்டு. தரமில்லாதது. பிரிட்டனில் கட்டட விதிகளையே அதன் பிறகு மாற்றினார்கள். ஒரு வீட்டுக்குள் என்ன நடந்தாலும் மற்ற வீடுகள் சேர்ந்து விழக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பெண்மணி கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

கருங்கல்பட்டி வெடித்த அதே நவம்பரில் இலங்கையிலும் வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பும் இணைப்புகளும் வெடித்துக்கொண்டிருந்தன. சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தை மாற்றிவிட்டார்கள் என்று சனங்கள் கொதித்தார்கள். ஜனாதிபதி ஒரு குழுவை நியமிக்க வேண்டிவந்தது. சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற உரிமை தனக்கு உண்டென்று அங்கே சாதாரணக் குடித்தனக்காரரும் பேசினார். இங்கே ஒவ்வொரு விபத்தும் ஏதோ ஓர் அம்மாவின் மறதியாகப் பதிவாகி முடிந்துவிடுகிறது.

வாசனை விஷயத்துக்கு வருகிறேன். கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது என்பதைப் பலர் நம்புவதில்லை. நமக்கு அடிக்கிற அந்த அழுகல் நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளுடையது, வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். இந்த வழக்கம் ஊன்றிப்போனதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊர். 1937 மார்ச் 18. எண்ணெய்க் கிணறுகளில் மிஞ்சிய, வாசனையில்லாத கேஸை அந்தப் பள்ளி குழாய் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. அது தரைக்கடியில் தேங்கியது யாருக்கும் தெரியவில்லை. தொழிற்கூடத்தில் மின்சார இழைப்பு இயந்திரத்தைப் போட்டபோது பொறி பறந்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகு கேஸில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. மற்ற இடங்களும் பின்பற்றின. இன்றைக்கு விதி என்னவென்றால், வெடிக்கத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு கலந்திருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும்.

ஆக, நம் கிணற்று மேட்டில் நிற்கிற ஆளைப் போல கேஸும் கத்திவிட்டுத்தான் வருகிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும். தூங்குகிற மூக்கை நாற்றம் எழுப்பாது. ஒரே அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் விழித்திருக்கிற மூக்குக்கும் பழகிவிடும். வயசானவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கொரோனா வந்துபோனதிலிருந்து காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் அது சுள்ளென்று அடிக்கும். பால்காரர், கோலம் போட வந்த எதிர்வீட்டுப் பெண், பக்கத்து வீட்டு ஆயா. இவர்கள் மூக்கை நம்பித்தான் நாம் தூங்குகிறோம்.

நாற்றம் வந்தால் செய்ய வேண்டியதை எல்லோரும் ஒப்பிப்பார்கள், ஒன்றை மட்டும் தப்பாக: "லைட்டைப் போடாதே, எரிந்தால் அணைச்சிடு" என்பார்கள். அணைத்தாலும் பொறிதான். எரிகிற லைட் எரியட்டும், ஃபேன் ஓடினால் ஓடட்டும். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, ஆட்களை வெளியே கூட்டி, தள்ளி நின்றபிறகு 1906க்குப் போன் பண்ணலாம். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண், எந்தக் கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் எடுப்பார்கள். தீயணைப்பு வண்டி அரூரிலிருந்து வரவேண்டும், சுமார் 16 கிலோமீட்டர். மாசித் தேர் சமயத்தில் அந்த ரோட்டில் அது எப்படி வரும் என்று மலையடிவாரத்தில் பஜ்ஜிக்கடை போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மேசைக்கடியில் சிலிண்டர், மேசைமேல் கொதிக்கிற எண்ணெய், பக்கத்தில் பலூன் விற்கிற பையன்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்துவைத்திருக்கும் பாலிசியில் கேஸ் விபத்தில் இறந்தவர் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை, அதுவும் இணைப்புப் பதிவான முகவரியில் நடந்த சேதத்துக்கு. கருங்கல்பட்டியில் இடிந்த பக்கத்து வீட்டுச் சுவர் எந்த முகவரியில் சேரும்?

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சாக்கடைத் தகராறு. போன மார்கழியில் ஒரு விடிகாலை, கோலம் போட வந்த இந்த வீட்டு அக்காவுக்கு அந்த வீட்டுப் பக்கமிருந்து கேஸ் நாற்றம் அடித்திருக்கிறது. கதவைத் தட்ட மானம் இடம்கொடுக்கவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "யாரு வூட்லயோ நாத்தம் வருது! மூக்கு இருக்குறவங்க பாத்துக்கோங்க!" உள்ளே இருந்தவருக்கு அது சாக்கடையைச் சாடை பேசுவதாகப் பட்டது. "நாத்தம் யாரு வூட்டுதுன்னு ஊருக்கே தெரியும்" என்று அங்கிருந்து பதில் வந்தது. இவர் ஒரு படி மேலே போய்ப் பரம்பரையை இழுத்தார். அவர் சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு, கதவை அகலத் திறந்துபோட்டு வாசலுக்கு வந்துவிட்டார். வாசலுக்கு வந்த பிறகுதான், "ஏம்மா, கேஸும்மா! உங்க வூட்டு கேஸு!" என்று இந்த அக்கா பெயர் சொல்லாமல் நேருக்கு நேர் கத்தினார்.

முந்தின ராத்திரி பால் பொங்கி வழிந்து பர்னர் அணைந்திருக்கிறது. திருகு திறந்தபடியே இருந்திருக்கிறது. அந்த வீட்டு அண்ணன் ஓடி ரெகுலேட்டரை மூடினார். லைட் இன்னும் போடவில்லை, சண்டை முந்திக்கொண்டதால். தெருவே கூடி, புறக்கடைக் கதவையும் திறந்துவிட்டு, விடிந்து வெகுநேரம் ஆகும்வரை பேசிக்கொண்டிருந்தது. பிறகு அந்த வீட்டம்மா ஒரு சொம்பு டீ போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். அக்கா வாங்கிக்கொண்டார். சாக்கடை வழக்கு இன்னும் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது.