பாராமகாலில் ஒரு தூண்

தருமபுரிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியை எண்ணியே செல்வர். நாமும் குடும்பத்தோடு அவ்வாறே புறப்பட்டோம். எனினும், நகரிலேயே கண்டு செல்லத்தக்க நினைவுச் சின்னம் ஒன்று உண்டு என்று அறிந்து, முதலில் அதனை நாடினோம். சர் தாமஸ் மன்றோவின் நினைவுத் தூணே அது.

தஞ்சைக் கோபுரத்தையும் செஞ்சிக் கோட்டையையும் கண்ட கண்களுக்கு அத்தூண் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இந்நகரிலிருந்து தொலைவில் தெரியும் வத்தல்மலையையும் அதனை அடுத்த குன்றுகளையும் காணும்போது, இம்மண்ணை விட்டுப் பிரிய மன்றோ ஏன் வருந்தினார் என்பது விளங்கும். இங்கே தோட்டம் அமைத்து வாழ்ந்தவர் அவர். 1799இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டபோது மனமின்றியே சென்றார். இந்நாட்டின் மலைகள்பாலும் மரங்கள்பாலும் தமக்கிருந்த பற்றினைத் தம் கடிதங்களிலும் வெளியிட்டிருக்கிறார்.

அக்காலத்தில் இப்பகுதிக்குப் பாராமகால் என்று பெயர். ஹைதர் அலியின் ஆட்சியிலும், அவருக்குப் பின் திப்பு சுல்தானின் ஆட்சியிலும் இருந்த நாடு இது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் அரசில் பாதியை இழந்தார். தம் மைந்தர் இருவரைப் பிணையாக ஒப்படைத்தார். அவ்வாறு கைமாறிய நாடுகளுள் பாராமகாலும் ஒன்று. இதனை ஆள அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரைக் கும்பினியார் அமர்த்தினர். அவருடைய துணைவர்களுள் ஒருவராக வந்தவரே மன்றோ. ஹைதரையும் திப்புவையும் எதிர்த்துப் போரிட்டவர், வாளை வைத்துவிட்டு நில அளவைச் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

எம்முடன் வந்த பெரியத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "திப்பு சுல்தானோடு சண்டை போட்டவருக்கு நாம் எதற்கு மரியாதை செய்யணும்?" என்றார். அவருக்கு விடை கூறுமுன் சிறுவன் ஒருவன் குறுக்கிட்டான்: "அத்தா, இவர் இங்கே என்ன செய்தார்?" "வரி வசூல் செய்தார்" என்றோம். "வரி வாங்கினவருக்கா தூண்?" என்று அவன் வியந்தான்.

பெரியவரின் வினாவும் சிறுவனின் வினாவும் நம் சிந்தனையைக் கிளறின. இடைத்தரகர் இன்றி உழவனிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை, ரீடும் மன்றோவும் இப்பாராமகாலில் உருவாக்கியதாகும். பின்னாளில் 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த மன்றோ, அதனை மாகாணம் எங்கும் நிலைநாட்டினார். இன்று நம் வீட்டுப் பெட்டியில் உழவர் பெயரால் பட்டா ஒன்று இருக்குமாயின், அதன் வரலாற்றில் இம்மண்ணுக்கும் பங்குண்டு.

ஆனால், அம்முறை பேசிய சொற்கள் கும்பினியாருடையவை அல்ல. அவர்கள் வருமுன்னரே முஸ்லிம் அரசுகளின் அலுவலகங்களில் வழங்கியவை அவை. வசூல், பாக்கி, ஜில்லா, தாலுகா ஆகிய யாவும் அரபு மூலம் உடையன. ரயத்து என்பது 'ரஇய்யத்' என்னும் அரபுச் சொல். மேய்ப்பவரின் காவலில் உள்ள மந்தை என்பது அதன் வேர்ப் பொருள். ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் வினவப்படுவர் என்னும் கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். அதில் வருவதும் இச்சொல்லே.

அமீனா என்றால் சிற்றூர்களில் இன்றும் அச்சம். வீட்டுப் பண்டங்களை ஜப்தி செய்ய வருபவர் அல்லவா அவர்! அதன் மூலச் சொல்லோ 'அமீன்', நம்பிக்கைக்குரியவர். மக்கா நகர மக்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குச் சூட்டிய சிறப்புப் பெயர் அது. கிஸ்தி என்பதும் அவ்வாறே. அரபியில் 'கிஸ்த்' என்றால் தவணை. அதே சொல்லுக்கு நீதி என்றும் பொருள். திருமறை பல இடங்களில் நீதியைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கின்றது. நீதி என்று பிறந்த சொல், விளைச்சல் பொய்த்த ஆண்டில் உழவனின் உறக்கத்தைக் கெடுக்கும் சொல்லாயிற்று.

மன்றோவுக்கு இந்த இடைவெளி தெரிந்தே இருந்தது. வரி மிகுதி என்று கண்டு, தாம் பின்னர் நிர்வகித்த கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் அதனை நான்கில் ஒரு பங்கு குறைக்குமாறு 1807இல் பரிந்துரைத்தார். மேலிடம் அதனை உடனே ஏற்கவில்லை. நல்ல அதிகாரி ஒருவர் இருந்தார் என்பதால் அந்நிய ஆட்சி நல்லாட்சி ஆகிவிடாது. அந்த அளவில் பெரியத்தாவின் வருத்தம் நியாயமே. எனினும் எதிரணியில் நின்றவரிடத்தும் நேர்மையைக் கண்டால் ஒப்புக்கொள்வதும் நீதியின்பாற்பட்டதே.

ஆட்சிகள் மாறின. ஹைதரும் போனார், திப்புவும் மறைந்தார், கும்பினியும் ஒழிந்தது. வாங்கும் கையும் கொடுக்கும் கையும் மட்டும் இன்றும் உள்ளன. நம்மில் கடைக்குக் கடன் பாக்கி வசூலிப்போர் உளர். வீட்டு வாடகை பெறுவோர் உளர். வக்பு நிலங்களின் குத்தகைக் கணக்கை ஏந்தும் முத்தவல்லிகளும் உளர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரஇய்யத் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் குத்தகைதாரர் தவணை கேட்டு வாசலில் நிற்கும்போது, நாம் வாங்குவது கிஸ்தி மட்டுந்தானா, அதில் கிஸ்தும் இருக்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக!